வியாபாரப் படகு பீரங்கிப் படகான கதை

போன மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, வெள்ளிமலைக் கடைத்தெருவில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடைக்கு எதிரே கடுக்காய் மூட்டைகள் கொக்கித் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. எடை போட்ட வியாபாரி மூட்டையை முழங்காலால் லேசாகத் தாங்கிக்கொண்டு முள்ளைப் படித்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்துவிட்டார். "சரியான எம்டன்டா இவன்!" என்றார்.

"எம்டன்னா என்னா தாத்தா?" என்று கேட்டான், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய பேரன்.

பெரியவருக்கு வார்த்தை தெரியும், வரலாறு தெரியாது. நான் சொன்னேன். எம்டன் என்பது ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடலில் வந்து நின்று, துறைமுகத்து எண்ணெய்க் கம்பெனியின் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டிலேயே மறைந்துபோயிற்று. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் தந்திரக்காரனுக்கெல்லாம் எம்டன் என்று பெயர் விழுந்துவிட்டது.

பேரன் விடவில்லை. "அது சண்டைக் கப்பல் தோழர், சண்டைதான் போடும். வியாபாரக் கப்பல் வேற. அது ஓடினாத்தான் எங்களுக்கு ஆர்டர், எங்களுக்குச் சோறு. வியாபாரம் ஒழுங்கா நடந்தா எவன் சண்டைக்குப் போகப்போறான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. தம்பி சொன்னதையேதான் கோட்டு சூட்டுப் போட்ட மேதாவிகளும் பெரிய பத்திரிகைகளில் எழுதிவருகிறார்கள்: வியாபாரம் பெருகினால் யுத்தம் ஒழியும், சரக்குக் கப்பல் போகும் இடத்தில் போர்க்கப்பலுக்கு வேலை இல்லை என்று. அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். அது எம்டனின் கதையல்ல. எம்டன் பிறந்த அதே நாட்டில் பிறந்த இன்னொரு படகின் கதை.

1916-ம் வருஷம். ஐரோப்பாவின் முடிமன்னர்களும் முதலாளிகளும் உலகத்தைப் பங்குபோடத் தொடங்கிய யுத்தம் இரண்டு வருஷத்தை எட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தது. ஜெர்மானிய முதலாளிகளின் கிடங்கிலே சாயம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. வாங்க ஆள் வர வழியில்லை. அமெரிக்காவிலே ரப்பர் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது. ஜெர்மனிக்குக் கொண்டுவர வழியில்லை. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. நடுநிலை என்றால் என்ன? காசு கொடுப்பவன் எவனாயிருந்தாலும் விற்பது என்று அர்த்தம்!

பிரேமன் நகரத்து வியாபாரி ஆல்ஃபிரட் லோமான், ஒரு பெரிய கப்பல் கம்பெனி, ஒரு பெரிய பாங்கு ஆகியோர் கூட்டுச் சேர்ந்தார்கள். மேலே போக முடியாவிட்டால் தண்ணீருக்கு அடியில் போவோம் என்று தீர்மானித்தார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்றே நீர்மூழ்கிக் கப்பல் கட்டப்பட்டது. பெயர் 'டாய்ச்லாந்து'. நம் ரயில் பெட்டி மூன்றை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், 65 மீட்டர். பீரங்கி கிடையாது, டார்ப்பிடோ கிடையாது. மாலுமிகள் முப்பது பேருக்கும் குறைவு. கேப்டன் பெயர் பால் கோனிக்.

1916 ஜூன் கடைசியில் புறப்பட்ட படகு, ஜூலை இரண்டாவது வாரத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் தலைகாட்டியது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. கேப்டனுக்கு விருந்து, வரவேற்பு, பத்திரிகைகளில் படம். பிரிட்டிஷ் அரசாங்கம் ஆட்சேபித்தது. நீர்மூழ்கி என்றால் போர்க்கலம்தான், அதைப் பிடித்து வை என்றது. அமெரிக்க அதிகாரிகள் படகுக்குள் இறங்கிப் பார்த்து, இது வியாபாரக் கப்பலேதான், பெரிய அளவில் கட்டுமானத்தை மாற்றாமல் இதைப் போர்க்கப்பலாக ஆக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போன வழி

படகு கொண்டுபோன சரக்கில் முக்கியமானது சாயம். சுமார் 125 டன். அதிலும் அலிசரின் வகைச் சாயங்கள் மிகுதி. அத்துடன் மேகநோய்க்கான சால்வர்சான் மருந்தும் இருந்தது. அந்த மருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஜனங்கள் ஒருவருக்கொருவர் பண்டம் மாற்றிக்கொள்வதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சாயத்தைப் பற்றித் தென்னார்க்காட்டு ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு.

கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா. சோழமண்டலக் கரையின் மணல் நிலத்தில் சாயவேர் தோண்டிப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. அதில்தான் நம் துணிக்கு அழியாத சிவப்பு ஏறியது. சிவப்புப் பிடிக்க நூலையும் துணியையும் கடுக்காயில் ஊறவைப்பார்கள். அந்தக் கடுக்காய் இதுபோன்ற மலைகளிலிருந்து இறங்கியது. 1869-ல் ஜெர்மானிய ரசாயனக்காரர்கள் அலிசரினைத் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளில் சாயவேரைத் தோண்ட ஆளில்லாமல் போயிற்று.

அடுத்து நீலம். சென்னை ராஜதானியில் அவுரிக்குப் பேர்போன ஜில்லாக்களில் தென்னார்க்காடு ஒன்று. அவுரித் தொட்டிக்குள் இடுப்பளவு நாற்றத் தண்ணீரில் நின்று மணிக்கணக்கில் கலக்கியவர்கள் யார்? நம் பாட்டன் பூட்டன்மார்தான். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யுத்தம் தொடங்கிய வேளையில் இந்தியாவின் நீல ஏற்றுமதி, பழைய நாளில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துகிடந்தது. தொட்டிகள் வறண்டன. தொட்டிக்காரன் வேறு தொழிலுக்குப் போனான். தொட்டியில் நின்றவன் கப்பலேறினான்.

யுத்தம் வந்ததும் ஜெர்மன் சாயம் நின்றது, நம் அவுரிக்கு மறுபடி விலை ஏறியது. விலை ஏறினால் குடியானவனுக்கு நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? பீகாரின் சம்பாரணில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கு துரைக்காக அவுரி போட வேண்டும் என்று கட்டாயம். செயற்கை நீலம் வந்து விலை விழுந்தபோது, "அவுரியிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்குக் கூடுதல் வரி கொடு" என்று துரைமார் பணம் பறித்தார்கள். விலை ஏறியபோது மறுபடி அவுரி போடச் சொல்லி மிரட்டினார்கள். விலை விழுந்தாலும் அடி, ஏறினாலும் அடி! 1917 ஏப்ரலில் காந்தி அங்கே போய் விசாரணை நடத்தினார். மறு வருஷம் அந்தக் கட்டாயத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியதாயிற்று.

அந்த 1917 வசந்த காலத்தில் நம் படகு என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திரும்பி வந்த சரக்கு

பால்டிமோரிலிருந்து திரும்பும்போது படகு ஏற்றியது 348 டன் ரப்பர், 341 டன் நிக்கல், 93 டன் ஈயம். ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம். மூட்டை தூக்கியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். உள்ளே இடம் போதாததால் ரப்பரில் பெரும்பகுதியைப் படகின் வெளிக்கூட்டில், கடல்நீர் புகுமிடத்தில் அடைத்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறினால் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ரப்பர் எந்த மரத்தில் வடிந்தது என்று சரக்குச் சீட்டில் எழுதியிருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் உலகத்தின் தோட்ட ரப்பரில் பெரும்பகுதி எங்கே விளைந்தது என்று நமக்குத் தெரியும். மலாயாவிலும் இலங்கையிலும். பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் யார் என்றும் தெரியும். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்ட தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுத் தமிழர்கள். விடியுமுன் எழுந்து, கங்காணியின் பிரம்புக்கு அஞ்சி, கொசுக்கடியிலும் குளிர்காய்ச்சலிலும் செத்தவர்கள். தொட்டியில் நின்றவன் கப்பலேறினான் என்றேனே, போய்ச் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கர்களிடம் "ஜெர்மனிக்கு விற்கமாட்டோம்" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் பிரிட்டிஷ் அரசாங்கம் அவர்களுக்கு ரப்பர் விற்றுவந்தது. அப்படியும் 348 டன் போயிற்று!

நிக்கலின் கதை இதைவிடக் கேவலமானது. அமெரிக்காவில் சுத்திகரிக்கப்பட்ட நிக்கலின் தாது, கனடாவின் சட்பரிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. கனடா பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பகுதி. அந்த வருஷம் கனடாவின் வாலிபர்கள் பிரான்சின் சேற்றில் ஜெர்மன் குண்டுக்கு இரையாகிக்கொண்டிருந்தார்கள். கவசத் தகட்டுக்கும் பீரங்கி எஃகுக்கும் நிக்கல் இல்லாமல் ஆகாது. அந்த நிக்கல் ஜெர்மனிக்குப் போகிறது என்று செய்தி வந்ததும் கனடாவில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மகனைச் சுட்ட எஃகில் அப்பன் வெட்டிய தாது கலந்திருக்கிறதா என்று கேட்டால், நிக்கல் கம்பெனியிடம் என்ன பதில் இருக்கும்? கிளர்ச்சிக்குப் பணிந்து கனடா மண்ணிலேயே, போர்ட் கோல்போர்ன் என்ற ஊரில், சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள்.

இந்த ஒரே பயணத்தில் கிடைத்த லாபம், படகு கட்டிய செலவைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம் என்று கணக்கு. தம்பி, இதுதான் ஒழுங்காக நடந்த வியாபாரம்!

இரண்டாவது பயணம் நவம்பரில், நியூ லண்டன் என்ற அமெரிக்கத் துறைமுகத்துக்கு. திரும்பப் புறப்படும்போது, வழிகாட்ட வந்த இழுவைப் படகின்மேல் மோதி அதை மூழ்கடித்தது. அதிலிருந்த ஐந்து தொழிலாளிகள் மாண்டார்கள். 'பிரேமன்' என்ற சோதரப் படகு 1916-ல் அமெரிக்காவுக்கென்று புறப்பட்டது, போய்ச் சேரவே இல்லை. அதிலிருந்த ஒருவரும் திரும்பவில்லை.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்கா உறவை முறித்தது, ஏப்ரலில் யுத்தத்தில் இறங்கியது. சந்தை மூடிவிட்டது. சரக்குப் படகுக்கு இனி என்ன வேலை? கடற்படை அதை எடுத்துக்கொண்டு, மேல்தளத்தில் இரண்டு பெரிய பீரங்கிகளை ஏற்றியது. வெளிப்புறத்தில் டார்ப்பிடோக் குழாய்கள் பொருத்தியது. புதுப் பெயர் யு-155. போர்க்கப்பலாக மாற்றுவது லேசான காரியமல்ல என்று அமெரிக்க அதிகாரிகள் தீர்ப்புச் சொல்லி ஒரு வருஷம்கூட ஆகவில்லை! ரப்பர் மூட்டைக்காக அகலமாகக் கட்டிய வயிற்றில் எண்ணெயும் உணவும் குண்டும் ஏராளமாக இடம்பிடித்தன. சாதாரண நீர்மூழ்கி போக முடியாத தூரத்துக்கு இது போகும். வியாபாரத்துக்காகப் பெற்ற குணமே கொலைக்கு உதவிற்று.

தீவு

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, போர்ச்சுக்கல் கரையிலிருந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், அசோர்ஸ் என்று ஒன்பது தீவுகள். போர்ச்சுக்கலுக்குச் சொந்தமானவை. எரிமலை மண். மக்காச்சோளம், மாடு, கண்ணாடிக் கொட்டகைக்குள் அன்னாசி. சாவோ மிகேல் என்ற பெரிய தீவில் தேயிலைத் தோட்டம்கூட உண்டு. நிலம் துரைமார் கையில். பிழைக்க வழியில்லாத ஏழைகள் கப்பலேறி, அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர் பஞ்சாலைகளுக்குக் கூலியாகப் போனார்கள். கோவை, திருப்பூர்த் தோழர்களுக்கு இந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விசேஷம். நானூறு, ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்தத் தீவுகளின் பெரிய செல்வம் என்ன தெரியுமா? நீலச் சாயம்! பாஸ்டல் என்ற செடியின் இலையை அரைத்துப் புளிக்கவைத்து, இங்கிலாந்துக்கும் ஃப்ளாண்டர்சுக்கும் துணிச் சாயத்துக்காக அனுப்பினார்கள். அந்தத் தொழிலைக் கெடுத்தது எது? இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுவந்து கொட்டிய அவுரி நீலம். இதைப் படித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நம் தொட்டிகளை வற்றவைத்த ஜெர்மன் நீலத்தைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, நம் தொட்டி நீலம் இன்னொருவன் அடுப்பை அணைத்தது தெரியாது. அவனை நமக்குத் தெரியாது, நம்மை அவனுக்குத் தெரியாது. நடுவில் நின்ற வியாபாரிக்கு மட்டும் இருவரையும் தெரியும்.

1916 மார்ச்சில் போர்ச்சுக்கலும் யுத்தத்துக்குள் இழுக்கப்பட்டிருந்தது. பிரிட்டன் கேட்டுக்கொண்டபடி தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மானியக் கப்பல்களைப் பிடித்தது, ஜெர்மனி யுத்தப் பிரகடனம் செய்தது. அசோர்சின் பாஸ்டல் செடியைப் போலவே அசோர்சின் ஜனங்களையும் யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

1917 ஜூலை 4. சாவோ மிகேல் தீவின் பொன்டா டெல்காடா நகரத்துக்கு முன்னால், விடியும் வேளையில் யு-155 எழும்பியது. நகரத்தின்மேல் பீரங்கிக் குண்டுகளை வீசியது. துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்த 'ஓரியன்' என்ற அமெரிக்க நிலக்கரிக் கப்பல் திருப்பிச் சுட்டது. படகு பின்வாங்கிப் போய்விட்டது. அவ்வளவுதான் சண்டை. பட்டாளங்களின் வரலாற்றில் இது ஒரு வரிச் செய்தி. ஆனால் குண்டு விழுந்ததில் ஒரு இளம்பெண் செத்துப்போனாள். அவள் எந்த அரசாங்கத்துக்கும் எதிரியல்ல.

சில மாதங்களுக்கு முன்பு வரை மருந்தும் சாயமும் ஏற்றிய அதே படகு! பால்டிமோரில் மாலை போடாத குறையாக வரவேற்கப்பட்ட அதே படகு! அந்த ஒரு சுற்றில் அது பத்தொன்பது கப்பல்களை மூழ்கடித்தது. யுத்தம் முடிவதற்குள் மொத்தம் நாற்பதுக்கு மேல். மூழ்கியவற்றில் பல, மாலுமிகள் கூலிக்கு ஓட்டிய சரக்குக் கப்பல்கள். ஆக, சரக்குக் கப்பலாகப் பிறந்தது சரக்குக் கப்பல்களையே தின்றது.

குண்டு விழுந்த தீவுக்குப் 'பாதுகாப்பு' வந்தது. 1918 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பொன்டா டெல்காடாவில் தளம் அமைத்தது. அது யுத்தத்துக்குப்பின் போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் பக்கத்துத் தீவான தெர்சேராவில் லாஜெஸ் விமானத் தளத்துக்குப் பிரிட்டிஷாரும், பின்னாலேயே அமெரிக்கரும் வந்தார்கள். அமெரிக்கப் படை அங்கிருந்து முழுதாக வெளியேறவே இல்லை. நம் பக்கத்து இந்துமகா சமுத்திரத்திலும் அப்படி ஒரு தீவு உண்டு. தியகோ கார்சியா. தென்னந்தோப்பில் கூலிவேலை செய்த அந்தத் தீவுக்கூட்டத்தின் ஜனங்களை 1973-க்குள் முழுவதும் வெளியேற்றிவிட்டு அமெரிக்கத் தளம் எழுந்தது. அசோர்ஸ்காரர்களுக்கு மண்ணாவது மிஞ்சிற்று.

படகின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். யு-155-ஐக் கட்டி முடித்த அதே கீல் துறைமுகத்தில்தான் 1918 நவம்பர் தொடக்கத்தில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். தோற்றுப்போன யுத்தத்தில் தளபதிகளின் கௌரவத்துக்காகக் கடைசியாக ஒருமுறை சாகப் புறப்படச் சொன்னார்கள். மாலுமிகள் மாட்டோம் என்றார்கள். கொதிகலனில் நெருப்பை அணைத்தார்கள். துறைமுகத் தொழிலாளிகள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கெய்சர் முடிதுறந்தான். வியாபாரமும் நிறுத்தாத யுத்தத்தை, ராஜதந்திரமும் நிறுத்தாத யுத்தத்தை நிறுத்தியதில் இந்த "மாட்டோம்" என்ற சொல்லுக்குப் பங்கு உண்டு.

சரணடைந்த படகு இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே ஹொரேஷியோ பாட்டம்லி என்ற பத்திரிகை முதலாளி, தேசபக்தியை மேடைமேடையாக விற்றவர், அதை வாங்கி ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார். (ஜனங்களின் யுத்தப் பத்திரப் பணத்தை விழுங்கியதற்காக 1922-ல் ஏழு வருஷம் ஜெயிலுக்குப் போனவர் இவர்தான்.) கடைசியில் பர்க்கன்ஹெட் கப்பல் உடைக்கும் தளத்துக்கு அது வந்தது. 1921 செப்டம்பரில் உடைத்துக்கொண்டிருந்தபோது எந்திர அறை வெடித்தது. செத்தவர்கள் ஐந்து பேர், தொழில் பழக வந்த பையன்கள். யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, அந்தப் படகு இன்னும் கொன்றுகொண்டிருந்தது.

2023 கடைசியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள்மேல் தாக்குதல் தொடங்கியதும், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக, வாடகை ஏறி, திருப்பூர் முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். "யுத்தத்தால் வியாபாரம் கெட்டது" என்றார்கள். உண்மைதான். அந்தக் கடலில் எந்த நாட்டுப் போர்க்கப்பல் எந்தச் சரக்குக்குக் காவலாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்திருந்தால் இன்னும் உண்மையாக இருந்திருக்கும்.

போன வாரம் மறுபடி வெள்ளிமலை போனேன். பேரன் திருப்பூருக்குத் திரும்பிவிட்டான். பெரியவர் இருந்தார். 1976-ல் ஜாகீர் ஒழியும் வரை, ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்த தலைமுறை. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். நீர்மூழ்கியில் அவருக்கு அக்கறை இல்லை.

"அந்தப் பொண்ணு செத்துச்சே, அந்த ஊர்ல என்னா வெள்ளாமை தம்பி?"

"மக்காச்சோளம், அன்னாசி, கொஞ்சம் தேயிலை. முன்னே சாயச் செடி."

"மலையா?"

"மலைதான். நெருப்பு மலை."

அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். கொக்கித் தராசு அதே இடத்தில் தொங்கியது. வாணியம்பாடித் தோல் ஷாப்புக்குப் போகும் லாரியில் கடுக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க எடை போடுறது யாரு?" என்றார்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மூட்டை தூக்கிய பையன்கள் இருவர் வண்டியின் பின்னால் தாவி ஏறிக்கொண்டார்கள்.